தோள் பெல்ட்டுக்கு அளவெடுப்பவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் நான் அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். மருத்துவம் படித்தவள் அல்லள். ஆயினும் கடந்த மூன்று மாதங்களில் எங்கள் குடும்பத்தில் ஏற்பட்ட ஒரு காறை எலும்பு ('காலர் போன்') முறிவும், அதற்கென்று வாங்கி வந்த தோள் பெல்ட்டும் கற்றுக்கொடுத்தவற்றைத் தங்கள் நாளிதழின் சேலம் வாசகர்களிடமும், இம்மாவட்டத்து மருத்துவத் துறையினரிடமும் முறையிட விரும்பி இக்கடிதத்தை எழுதுகிறேன். முறையீடு ஒன்றுதான். தோள் பெல்ட் என்பது தோள்களைப் பின்னே இழுத்துப் பிடிப்பதற்காக உடம்பை அளந்து பூட்டி, நாள்தோறும் இழுவை பார்த்துச் சரிசெய்ய வேண்டிய கருவி. அதை மாத்திரை அட்டை போலச் சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்து, கடையில் வாங்கி வீட்டில் மாட்டிக்கொள்ளும்படி அனுப்பிவிடுகிறார்கள்.

என் மருமகன் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுபவர். மகளும் அவரும் மலையிலேயே குடியிருக்கிறார்கள். சென்ற ஐப்பசியில், தூறல் விட்டு விட்டுப் பெய்த ஒரு காலை நேரத்தில், அவர் இருசக்கர வாகனத்தில் சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதை இங்குள்ளோர் அனைவரும் அறிவர். அவற்றுள் ஒன்றில், சாலையில் படிந்து ஊறிக் கிடந்த சில்வர் ஓக் இலைகளின் மேல் சக்கரம் வழுக்க, வண்டி ஒருபுறம் போக, அவர் இடது தோள் தரையில் படும்படி விழுந்தார். வேகம் மிகக் குறைவு. தலைக்கவசத்தில் ஒரு கீறல்கூட இல்லை. எழுந்து நின்றவர் இடக்கையின் முழங்கையை வலக்கையால் ஏந்திப் பிடித்துக்கொண்டு, தலையை இடப்புறமாகச் சாய்த்தபடி நின்றாராம். காறை எலும்பு முறிந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் நிற்பார்கள் என்றும், எக்ஸ்ரே எடுக்கும் முன்பே அந்த நிலையைப் பார்த்து முறிவை ஊகிக்கலாம் என்றும் பின்னர் மருத்துவர் சொன்னார்.

காறை என்பது முன்பு பெண்களும் குழந்தைகளும் கழுத்தை ஒட்டி அணிந்த வளையம் போன்ற அணி. அது வந்து தங்கும் இடத்தில் இருப்பதால் அந்த எலும்புக்கும் அதே பெயர் வழங்குகிறது போலும். வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்பெற்ற எங்கள் ஊரில் இந்தப் பெயரை மறந்துவிட்டு எல்லோரும் 'காலர் போன்' என்றே சொல்கிறோம். கையை உடலின் நடு எலும்புக் கூட்டோடு இணைக்கும் ஒரே எலும்பு அதுதான். லேசாக வளைந்த ஆங்கில எஸ் எழுத்தின் வடிவம் கொண்டது. தாயின் வயிற்றில் கரு வளரும்போது முதலில் கெட்டிப்படத் தொடங்கும் எலும்பும், இருபது வயதைத் தாண்டிய பிறகே முழுமையாக முதிர்ந்து முடியும் எலும்பும் இதுவே என்று படித்தபோது வியந்தேன். இதில் நேரும் முறிவுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு நடுப்பகுதியில்தான் நேர்கின்றன, ஏனெனில் அங்கேதான் எலும்பு மெலிந்து, தசைநார்களின் பிடிப்பின்றித் தோலுக்கு அடியிலேயே கிடக்கிறது. என் மருமகனுக்கும் முறிவு நடுவில்தான்.

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் அவரைச் சேர்த்தோம். அங்கிருந்த மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, முனைகள் அதிகம் விலகவில்லை, அறுவை சிகிச்சை வேண்டாம், தானே கூடிவிடும் என்று தெளிவாகச் சொன்னார். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கையில் கொடுத்த சீட்டில் வலி மாத்திரைகளுக்குக் கீழே 'கிளாவிக்கிள் பிரேஸ், ஆறு வாரம்' என்று ஒரே வரி. தோள் பெல்ட்டின் ஆங்கிலப் பெயர்தான் அது. அளவு எழுதவில்லை. யாரிடம் போய் மாட்டிக்கொள்வது என்றும் இல்லை. மகள் அதை எடுத்துக்கொண்டு எதிரில் இருந்த மருந்துக் கடைக்குப் போனாள். கடைப் பையன் நோயாளியைப் பார்க்கவில்லை, "அண்ணன் ஆள் எப்படிக்கா இருப்பாரு, குண்டா ஒல்லியா?" என்று கேட்டான். அவள் பதற்றத்தில், "நடுத்தரமா இருப்பாரு" என்றாள். அவன் மீடியம் என்று அச்சிட்ட பெட்டியை எடுத்து நீட்டினான். தையல் ஆசிரியை வயிற்றில் பிறந்தவள் இப்படி அளவெடுக்காமல் வாங்கி வந்தாளே என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான். எனினும் அந்த நேரத்தில் நானே போயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பெட்டிக்குள் இருந்த தாளில் ஆங்கிலமும் இந்தியும் பொடி எழுத்தில் இருந்தன. தமிழில் ஒரு வரி இல்லை. சிரித்த முகத்தோடு ஒருவர் பெல்ட் அணிந்து நிற்கும் சிறு படம் ஒன்று, அதுவும் முன்புறத் தோற்றம் மட்டும். பெல்ட்டின் வேலை முழுவதும் முதுகுப் பக்கம் நடப்பது. அன்று மாலை மலைக்குத் திரும்பியதும் மகளும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து அதைப் புத்தகப்பை மாட்டுவது போல் மாட்டி, வெல்க்ரோ பட்டைகளைத் தம் பலம் கொண்ட மட்டும் இழுத்து ஒட்டினார்கள். இறுக்கம் கூடக் கூட எலும்பு சீக்கிரம் கூடும் என்பது அவர்களின் நம்பிக்கை. மாவுக்கட்டு இறுகியிருக்க வேண்டும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. "அத்தை, விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, மோதிரம் கழல மாட்டேங்குது" என்றார் மருமகன். கை வீங்கி, புறங்கையில் நரம்புகள் நீலமாகப் புடைத்திருப்பதாக மகள் அழுதாள். பட்டையை உடனே தளர்த்தச் சொன்னேன். பத்து நிமிடத்தில் விரல்களுக்கு உணர்வு திரும்பியது, நாங்கள் செய்த புண்ணியம். விடிந்ததும் அதே 20 வளைவுகளையும் அவர் ஒரு ஜீப்பில் இறங்கி வந்தார். ஒவ்வொரு வளைவிலும் முறிந்த எலும்பு முனைகள் உராய்ந்ததை அவர் முகத்தில் பார்த்தோம். இடது அக்குளில் பட்டையின் ஓரம் பதிந்து, பாவாடை நாடா இறுகிய தடம் போல் இரத்தச் சிவப்பாக ஒரு கோடு கிடந்தது. என் பையில் எப்போதும் இருக்கும் அங்குல நாடாவை எடுத்து, அக்குளுக்கு நேர் கீழே மார்பைச் சுற்றி அளந்தேன். பெட்டியின் பக்கவாட்டில் மீடியத்துக்கென்று போட்டிருந்த அளவைவிட அவர் மார்பு ஐந்து அங்குலம் கூடுதல். ரவிக்கைக்கு அரை அங்குலம் பிசகினாலே கை தூக்க முடியாது என்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அன்று மருத்துவமனையில் பணியிலிருந்த இயன்முறை மருத்துவர் பெல்ட் மாட்டும் முறையை எங்களுக்கு நிதானமாகக் காட்டினார். முதல் நாளே யாராவது அதைக் காட்டியிருந்தால் அந்த இரவு நேர்ந்திராது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். நோயாளியை முதுகுச் சாய்வில்லாத முக்காலியில் உட்கார வைத்து, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றச் சொன்னார். நெஞ்சை நிமிர்த்தித் தோள்களை வலி பொறுக்கும் அளவுக்கு மட்டும் பின்னே இழுக்கச் செய்தார். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் ஒன்று சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும். பட்டைகள் ஒன்றையொன்று கடக்கும் மெத்தைப் பகுதி இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில், முதுகின் மேற்பகுதியில் உட்கார வேண்டும். கழுத்துக்கு ஏறினாலும் இடுப்பை நோக்கி இறங்கினாலும் இழுவை தவறிவிடும். பட்டை கழுத்தை ஒட்டி ஏறாமல் தோளின் முன்புறத்தைச் சுற்றி அக்குள் வழியாகப் பின்னே போக வேண்டும். பின்னால் நிற்பவர் வலம் கொஞ்சம், இடம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இழுத்து, இரு பக்கமும் ஒரே அளவாக ஒட்ட வேண்டும். முடிந்ததும் பட்டைக்கு அடியில் விரல் நுழைகிறதா என்று பார்த்தார். மணிக்கட்டில் நாடியைத் தொட்டார். கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டு, வெளுத்த இடம் உடனே சிவக்கிறதா என்று இரண்டு கையிலும் ஒப்பிட்டார். மொத்தமும் ஐந்து நிமிட வேலை. பிறகு அவர் பட்டையைக் கழற்றிவிட்டு, "இப்போ நீங்க மாட்டுங்கம்மா, நான் பார்க்கிறேன்" என்று மகளிடம் கொடுத்தார். அவர் செய்ததிலேயே பெரிய உதவி அதுதான் என்பேன், ஏனென்றால் தோள் பெல்ட்டைத் தனக்குத்தானே ஒருவரால் சரியாக மாட்டிக்கொள்ள முடியாது. வீட்டில் இன்னொருவர் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். தனியாக வாழும் முதியவருக்கு இதை எழுதிக் கொடுப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கிறார்களா என்று தெரியவில்லை.

இந்தக் கருவி எதற்காக என்பதையும் அவரிடமே கேட்டேன். எலும்பு நடுவில் முறிந்ததும், கழுத்துத் தசை உட்புறத் துண்டை மேலே இழுக்கும். கையின் எடை வெளிப்புறத் துண்டைக் கீழே இழுக்கும். மார்புத் தசை தோளை உள்நோக்கி இழுக்கும். இப்படி மூன்று பக்க இழுவையில் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எலும்பு குட்டையாகிவிடக்கூடும். தோள்களைப் பின்னே பிடித்து வைத்தால் நீளம் காக்கப்படும் என்ற எண்ணத்தில் பிறந்ததே, 8 என்ற எண்ணைப் போல முதுகில் குறுக்கே கடந்து இரு தோள்களையும் சுற்றும் எட்டு வடிவக் கட்டு. அந்நாளில் பஞ்சும் துணியும் கொண்டு, நோயாளியின் முதுகில் முழங்காலை ஊன்றித் தோள்களை இழுத்துக் கட்டுவார்களாம். இன்றைய பெல்ட் அதே கட்டின் கடைச்சரக்கு வடிவம்.

அந்த எண்ணம் நடைமுறையில் எவ்வளவு பலிக்கிறது என்பதில்தான் எனக்கு வியப்பு. 1987-ஆம் ஆண்டு டென்மார்க்கில் 61 நோயாளிகளை வைத்து இந்த எட்டுக் கட்டையும், கையைக் கழுத்திலிருந்து துணியில் தாங்கும் சாதாரணத் தூக்குக் கட்டையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். எலும்பு கூடியதிலும், தோளின் இயக்கத்திலும், வெளித்தோற்றத்திலும் இரண்டுக்கும் வேறுபாடு காணவில்லை. தொந்தரவு மட்டும் எட்டுக் கட்டுப் போட்டவர்களுக்கு அதிகம். 2015-இல் துருக்கியில் 60 பேரிடம் நடத்திய ஆய்விலும் முதல் நாள் வலி எட்டுக் கட்டுக்காரர்களுக்கே கூடுதலாக இருந்தது. அதாவது பெல்ட் போட்டாலும் போடாவிட்டாலும், அதிகம் விலகாத முறிவு பெரும்பாலும் தன் போக்கில் கூடிவிடுகிறது. கூடிய இடத்தில் சிறு மேடு தங்கிவிடுவதும் இரண்டிலும் உண்டு. முனைகள் நன்றாக விலகிய முறிவுகளின் கதை வேறு. 2007-இல் கனடாவில் 132 பேரிடம் செய்த ஆய்வு, அத்தகையோருக்குத் தகடு வைத்துப் பொருத்தும் அறுவை சிகிச்சையில் எலும்பு கூடாமல் போவது குறைவு என்று காட்டியது. எது எவருக்கு என்பது படத்தைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. அதில் நான் தலையிடவில்லை.

ஆயினும் இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. சாதாரணத் துணித் தூக்குக் கட்டே போதும் என்ற நிலையில் இருக்கும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு, சில நூறு ரூபாய் செலவில், தவறாக மாட்டினால் கையை மரத்துப்போகச் செய்யும் ஒரு கருவியைப் பழக்கத்தின் பேரில் எழுதிக் கொடுப்பது சரியா? பெல்ட் சிலருக்கு ஆறுதலாக இருப்பதை மறுக்க மாட்டேன். முதுகு நிமிர்ந்திருப்பதால் வலி குறைந்ததாக என் மருமகனே இரண்டாம் வாரத்தில் சொன்னார். மேலும், மேசையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் எழுத வேண்டியவருக்குக் கையைக் கட்டிப்போடாத பெல்ட் வசதிதான். மிளகுக் கொடிக்காக ஏணி சாத்தி ஏறி, தவறி விழுந்து முறித்துக்கொண்ட ஒருவருக்கு அந்த வசதியால் என்ன பயன்? எப்படியும் அவர் கையை ஓய்வாக வைத்தே ஆக வேண்டும்.

தூக்குக் கட்டைப் பற்றி ஒரு தையற்காரியாக இரண்டு வார்த்தை. ஒரு மீட்டர் சதுரமான காடாத் துணியை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணக் கட்டுகள் கிடைக்கும். நம் அம்மாப்பேட்டைத் தறிகளில் நெய்யும் கெட்டிப் பருத்தித் துணி இதற்கு மிகவும் ஏற்றது. வழுவழுப்பான செயற்கை நூல் துணி முடிச்சை நழுவ விடும். முழங்கை துணியின் மூலையில் முழுதாக அமர்ந்து, கையின் எடையைத் துணி தாங்க வேண்டும். உள்ளங்கை முழங்கையைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். முடிச்சு முறிந்த எலும்பின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கழுத்து அறுக்காமலிருக்க அதன் அடியில் ஒரு மடிப்புத் துணி. இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. பிரசவத்தின்போது பச்சிளம் குழந்தைகளுக்குக் காறை எலும்பு முறிவது உண்டு. அவர்களுக்குப் பெல்ட்டும் இல்லை, கட்டும் இல்லை. முழுக்கைச் சட்டை அணிவித்து, அந்தக் கையின் துணியை நெஞ்சுப் பகுதியோடு ஊக்கு வைத்து இணைத்துவிட்டாலே இரண்டு வாரத்தில் கூடிவிடுகிறதாம். இதைக் கேட்டதும் ஊக்கின் மேல் எனக்கிருந்த மதிப்பு கூடியது.

பெல்ட்டோடு கழிந்த ஆறு வாரங்களில் நாங்கள் கண்ட சில சங்கடங்கள் எந்தத் தாளிலும் அச்சிடப்படவில்லை. புதிதாக மாட்டிய பட்டை முதல் சில நாள்களிலேயே தளர்ந்துவிடும். ஆகவே நாள்தோறும் காலையில் இழுவை பார்க்க வேண்டும். ஏற்காட்டுக் குளிரில் காலையில் ஸ்வெட்டரின் மேல் பெல்ட்டைப் போட்டு, வெயில் ஏறியதும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு அதே அடையாளத்தில் ஒட்டினால், பட்டை தொங்கும். மறுநாள் ஸ்வெட்டரோடு அதே இடத்துக்கு இழுத்தால் அக்குளை அறுக்கும். எனவே ஸ்வெட்டர் எப்போதும் பெல்ட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, முன்பக்கம் திறந்த ஒன்றை நானே பின்னிக் கொடுத்தேன். சேலத்துக் கோடையில் இருப்பவர்களுக்குச் சங்கடம் வேறு: பட்டையின் ஸ்பாஞ்சு வியர்வையை உறிஞ்சி ஊறி, அக்குளில் தோல் வெந்துவிடும். பெண்களுக்கு இன்னும் சிரமம். இடது தோளில் முந்தானை, அதன் கீழ் உள்ளாடைப் பட்டை, அதன் கீழ் ரவிக்கைக் கை என்று மூன்று அடுக்கும் சேரும் இடத்திலேயே முறிவு என்றால், எதன் மேல் எதைப் போடுவது என்று சொல்லிக்கொடுக்க ஆண் மருத்துவர்களுக்குத் தோன்றுவதில்லை. கேட்கப் பெண்களுக்குக் கூச்சம். முன்புறம் கொக்கி வைத்த தளர்வான பருத்தி ரவிக்கை அல்லது கணவரின் பழைய சட்டை, இவை போதும்.

தூக்கமும் கடினம். மல்லாந்து படுக்காமல், முதுகுக்கு இரண்டு மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்தவாறே மருமகன் முதல் பதினைந்து நாள்களைக் கழித்தார். கை விரல்களையும் மணிக்கட்டையும் முழங்கையையும் முதல் நாளிலிருந்தே அசைக்கச் சொன்னார்கள். தோளை ஊசல் போல் மெல்ல ஆட்டும் பயிற்சி பின்னர் வந்தது. கையைத் தோளுக்கு மேல் உயர்த்துவதும் எடை தூக்குவதும் மருத்துவர் அனுமதிக்கும் வரை கூடாது. புகைபிடித்தால் எலும்பு கூடுவது தாமதமாகும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருமகனுக்கு பெல்ட்டைவிட அதுவே பெரும் சோதனையாக இருந்தது. பெரியவர்களுக்கு எலும்பு கூட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். குழந்தைகளுக்கு அதில் பாதிதான். பெல்ட்டைக் கழற்றிய மறுநாளே வண்டிச் சாவியைத் தேடியவரிடமிருந்து என் மகள் அதைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தாள்.

இதற்கிடையில், புத்தூர் கட்டுக்குப் போகலாம், எண்ணெய் போட்டு நீவினால் மூன்றே வாரத்தில் சரியாகிவிடும் என்று உறவினர்கள் சொல்லாத நாள் இல்லை. நாட்டு வைத்தியத்தின் மீது எனக்கு வெறுப்பில்லை. என் தாயார் சுளுக்குக்கு நீவிவிடுவதில் கைதேர்ந்தவர். ஆனால் காறை எலும்புக்கு நேர் அடியில் கைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களும் நரம்புக் கற்றையும் ஓடுகின்றன. பிரிட்டனின் முன்னாள் பிரதமர் ராபர்ட் பீல் 1850-இல் லண்டனில் குதிரையிலிருந்து விழுந்து, காறை எலும்பு முறிந்து அடியிலுள்ள குழாய் சேதமுற்று, மூன்றாம் நாள் இறந்துபோனார். அப்படி நேர்வது மிக மிக அரிது. அச்சமூட்ட இதைச் சொல்லவில்லை. எக்ஸ்ரே எடுக்காமல் அந்த இடத்தை ஒருவர் கட்டைவிரலால் அழுத்தி நீவ விடலாமா என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கட்டும். எலும்பு முனை தோலைக் கூடாரம் போல் தூக்கி நிறுத்தினாலோ, தோல் கிழிந்திருந்தாலோ, கை குளிர்ந்து வெளுத்தாலோ, விரல்கள் மரத்தாலோ, மூச்சு விடுவதில் சிரமம் இருந்தாலோ 108-ஐ அழைப்பதற்கு ஒரு நிமிடம்கூடத் தயங்கக் கூடாது.

என் கோரிக்கைகளுக்கு வருகிறேன். எலும்பு முறிவுப் பிரிவின் ஒவ்வொரு மேசையிலும் ஓர் அங்குல நாடா இருக்கட்டும். சீட்டில் பெல்ட் என்று எழுதும் கையே மார்பளவையும் எழுதட்டும். அப்போது கடைக்காரர் ஆள் குண்டா ஒல்லியா என்று கேட்க வேண்டியிராது. வாங்கி வந்த பெல்ட்டை மருத்துவமனையிலேயே மாட்டிக் காட்டி, வீட்டுக்காரர் ஒருவர் தாமே ஒருமுறை மாட்டிய பிறகே நோயாளியை அனுப்ப வேண்டும். தமிழில், பெரிய எழுத்தில், முதுகுப் பக்கப் படத்தோடு ஒரு தாள் கொடுத்தால் போதும். அந்தத் தாளின் தலைப்பிலேயே, விரல் மரத்தால் உடனே தளர்த்துங்கள் என்று அச்சிட வேண்டும். இவற்றுக்குப் பெரும் செலவு ஒன்றும் இல்லை.

சாலை விபத்தில் காயமடைவோருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. அது உயிர்களைக் காத்து வருவதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். ஆனால் தோள் பெல்ட்டின் சங்கடங்கள் அந்த 48 மணி நேரம் முடிந்து வீடு திரும்பிய பிறகே தொடங்குகின்றன. மூன்றாம் நாளிலும் ஏழாம் நாளிலும் பட்டையைப் பார்த்துச் சரிசெய்ய ஒரு கை தேவை. மலையில் வாழ்பவர்கள் அதற்காக முறிந்த எலும்போடு சேலத்துக்கு இறங்கி ஏறுவது கொடுமை. ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில் இதைச் செய்யலாம். அதே ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர்கள் ஏற்கெனவே வீடு தேடி வருகிறார்கள்; பக்கவாத நோயாளியைப் பார்க்க ஒரு மலைக் கிராமத்துக்கு வருபவர், அதே தெருவில் பெல்ட் போட்டிருப்பவரின் விரல் நகத்தையும் அழுத்திப் பார்த்துவிட்டுப் போகலாமே. மலையில் காபிப் பறிப்பும் மிளகுப் பறிப்பும் நடக்கும் தை, மாசி மாதங்களில் இது இன்னும் அவசியம்.

மருந்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செருப்பு வாங்கினால் கால் அளவு பார்த்துத் தருகிறீர்கள், பொருந்தாவிட்டால் மாற்றித் தருகிறீர்கள். தோள் பெல்ட்டைப் பிரித்த பிறகு மாற்ற முடியாது என்று எங்களிடம் சொன்ன கடைக்காரர், அளவு கேட்காமல் விற்றது தம் பிழை என்பதை ஏற்கவே இல்லை. இரண்டாவது பெல்ட்டுக்கும் நாங்களே பணம் கொடுத்தோம். பிரிக்காத முதல் பெட்டியாக இருந்திருந்தால் அது எங்கள் குடும்பத்துக்கு ஒரு நாள் கூலி மிச்சம்.

கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன். மருமகனுக்கு எலும்பு கூடிவிட்டது. இடது தோளருகே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மேடு மட்டும் தட்டுப்படுகிறது. தவறாக வாங்கிய மீடியம் பெல்ட்டைத் துவைத்துக் காயவைத்து வைத்திருக்கிறேன். பொருத்தமான மார்பளவு உடையவர்கள் மருத்துவர் சீட்டோடு வந்தால் விலையின்றிப் பெற்றுக்கொள்ளலாம். மேலும், சேலத்திலோ ஏற்காட்டிலோ உள்ள மருத்துவமனை எதுவாயினும் தமிழ்த் தாளோடு சேர்த்துக் கொடுக்க முக்கோணத் தூக்குக் கட்டுகள் வேண்டுமென்று கேட்டால், காடாத் துணியை அவர்கள் வாங்கித் தந்தால் போதும், வெட்டி ஓரம் அடித்துத் தர என்னிடம் படித்த மாணவியர் நால்வர் அம்மாப்பேட்டையிலேயே இருக்கிறார்கள். தையல் கூலி நாங்கள் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
தையல் ஆசிரியை (ஓய்வு),
அஸ்தம்பட்டி, சேலம்.